சிப்டியூனுக்கு எந்தச் சிப்: கேம்பாயா, ஃபேமிகாமா, சிட்டா?

சிப்டியூன், அதாவது பழைய கேம் பெட்டிகளின் ஒலிச் சிப்பில் பிறக்கும் இசை, செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நின்டெண்டோவின் கையடக்க கேம் பெட்டியான கேம்பாய், அதில் பழையது ஒன்று வாங்கட்டுமா? வீடியோவில் பார்த்திருப்பார்கள். இருட்டு மேடை, கையில் சாம்பல் நிறப் பெட்டி, கட்டைவிரல் இரண்டு மட்டும் ஓடுகின்றன, ஹாலே அதிர்கிறது. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மேடையில் வாசிக்கப் போகிறீர்களா, பாட்டு எழுதி வெளியிடப் போகிறீர்களா, இல்லை யாரோ செய்யும் கேமுக்கு இசை தரப் போகிறீர்களா? மூன்றுக்கும் மூன்று விடை.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேடை உங்கள் திட்டத்தில் இல்லையென்றால், நின்டெண்டோவின் டிவி கேம் பெட்டியான ஃபேமிகாமின் சிப்பைக் கம்ப்யூட்டரிலேயே பழகுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. கேம்பாய் அப்புறம் வரட்டும். சிட் சிப் இருக்கும் பழைய கம்ப்யூட்டரான கொமடோர் 64ஐ அதன் ஒலியில் ஏற்கெனவே மயங்கியவர்கள் மட்டும் தொடலாம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபேமிகாம் ஜப்பானில் 1983ல் வந்தது. வெளிநாடுகளில் அதுவே உடை மாற்றி என்இஎஸ் என்ற பெயரில் விற்றது. உள்ளே இருப்பது ரிக்கோவின் 2ஏ03 சிப். ஐந்து சேனல், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஐந்து குரல்: இரண்டு பல்ஸ் (சதுர வகை அலை), ஒரு முக்கோண அலை, ஒரு நாய்ஸ் (இரைச்சல்), சின்னச் சின்ன சாம்பிள்களை (பதிவு செய்த ஒலித்துணுக்குகளை) வாசிக்க இன்னொன்று. பதிவு செய்த பாட்டை வைக்க கார்ட்ரிட்ஜில் இடம் கிடையாது. இசையமைப்பாளர் எண்களைத்தான் அனுப்புகிறார், சிப் அந்த நொடியில் அலையை உண்டாக்குகிறது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒலியோடு ஒரு சொந்தம் உண்டு. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விற்ற ‘டிவி கேம்’ எல்லாம் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். கேசட்டைச் செருகி மாரியோவும் கான்ட்ராவும் ஆடிய தலைமுறைக்கு 8 பிட் இசை என்றால் காதில் விழுவது 2ஏ03தான். கேம்பாயையோ கொமடோரையோ கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

ஆனால் நாம் கேட்டது அசல் ஒலி அல்ல, அதில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. பல்ஸ் அலை ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பங்கு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்து அதன் குணம் மாறும். 12.5 சதவீதம் என்றால் மெலிந்த, மூக்கில் வரும் ஒலி. 25 கொஞ்சம் சதைப்பற்றுள்ளது. 50 உருண்டையானது, உள்ளே குடைந்தது போன்றது. பல நகல் சிப்களில் இந்த 25உம் 50உம் இடம் மாறியிருந்தன. இரண்டாவது, நம் டிவி நொடிக்கு 50 படம் காட்டுவது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. அந்தக் கேம்களின் இசை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி முன்னேறும். ஆகவே 50க்கென்று செய்த நகல் பெட்டிகளில் பாட்டின் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்தது. சுருதி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. யூடியூப்பில் அசல் பதிவைக் கேட்டு, ‘என்னமோ அவசரமாக ஓடுகிறதே, குரலும் வேறாக இருக்கிறதே’ என்று தோன்றினால், காதில் கோளாறு இல்லை. அந்தப் பழைய ஒலிதான் வேண்டுமென்றால் ட்ராக்கரில் (சிப்புக்குச் சுரங்களை வரிசையாக எழுதும் மென்பொருளில்) 25 வரும் இடத்தில் 50 போடுங்கள், 50 வரும் இடத்தில் 25. வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வேலை முடிந்தது.

இந்தச் சிப்பை முதலில் பழகச் சொல்வதற்குப் பால்ய நினைவு மட்டும் காரணமல்ல, இதன் கெடுபிடிகளும்தான். முக்கோண அலைக்கு ஒலியளவு கிடையாது. ஒன்று ஒலிக்கும், இல்லை நிற்கும். பேஸ், அதாவது பாட்டின் அடிக்குரல், பெரும்பாலும் அதில்தான் வரும். ஆகவே பேஸின் அளவை நிலையாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பக் குறைத்தும் கூட்டியும் அமைக்கப் பழகுகிறீர்கள். பேஸ் மெல்ல மங்கி மறைய வேண்டுமா? முடியாது. குறுகிய சுரங்களாக வெட்டி, இடைவெளி விட்டு அந்த உணர்வை உண்டாக்க வேண்டும். மூன்று சுரம் சேர்ந்த கார்டு வேண்டுமென்றால் ஒரே பல்ஸ் சேனலில் அந்த மூன்றையும் படத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். அந்த ‘பிளுலுலு’ என்ற துடிப்புதான் இன்று இந்த இசையின் முத்திரையாகிவிட்டது. எதிரொலிக்கும் கருவி இல்லை. இரண்டாவது பல்ஸ் சேனல் அதே மெட்டை அரைத் தட்டு தாமதித்து, சத்தம் குறைத்து வாசிக்கும். ஒரு சேனலை எதிரொலிக்குக் கொடுத்துவிட்டால் இசைவுக்கு என்ன மிச்சம்? இப்படி ஒவ்வொரு பாட்டிலும் பேரம் பேசியாக வேண்டும்.

மென்பொருள் விஷயத்திலும் இதுதான் முன்னால் நிற்கிறது. ஃபேமிட்ராக்கர் விண்டோஸுக்கானது, வரிசை வரிசையாக எண்களை நிரப்பும் பழைய முறை. ஃபேமிஸ்டூடியோ பியானோ ரோல் முறை, சுரங்களைக் கட்டங்களாகத் திரையில் வரைவது. எஃப்எல் ஸ்டூடியோ போன்ற இசை மென்பொருளைத் தொட்டவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் உண்டு. இரண்டும் இலவசம். எழுதியதை ஆடியோ கோப்பாக எடுக்கலாம், அசல் கன்சோலில் ஓடும் வடிவிலும் எடுக்கலாம்.

சேனல் போதவில்லை என்றால் ஒரு பின்வாசல் உண்டு. ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே கூடுதல் ஒலிச் சிப் வைக்க ஜப்பானில் வழி இருந்தது. கோனாமியின் விஆர்சி6 இன்னும் இரண்டு பல்ஸும் ஒரு ரம்பப் பல் அலையும் தரும். ஜேக் காஃப்மன் 2014ல் வந்த ஷவல் நைட் கேமின் இசையை ஃபேமிட்ராக்கரில் இந்த விஆர்சி6ஐச் சேர்த்துத்தான் எழுதினார். கேம் ஓடியதோ இன்றைய கம்ப்யூட்டரிலும் நின்டெண்டோவின் புதிய கருவிகளிலும். எத்தனை சேனல் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், அவர் எட்டோடு நிறுத்திக்கொண்டார். கேமுக்கு இசை தர நினைப்பவர்கள் அந்த ஒலித்தடத்தை ஒரு முறை சேனல் சேனலாகப் பிரித்துக் கேளுங்கள்.

இனி இதன் குறைக்கு வருவோம். நம் இசை தெரிந்தவர்களை இது நேரே இடிக்கும்.

2ஏ03 சுருதியை நிர்ணயிப்பது ஒரு வகுத்தல் கணக்கில். கீழ் ஸ்தாயியில் பிரச்சினை இல்லை, 440 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2 ஹெர்ட்ஸுக்கும் குறைவான இடைவெளிதான். மேலே போகப் போகப் படிகள் அகலமாகும். 1760 ஹெர்ட்ஸ் வேண்டுமென்று கேட்டால் சிப் 1748 தரும், அல்லது 1776 தரும். நடுவில் எதுவும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கால் அரைச்சுரம் தொலைவு. மேல் ஸ்தாயியில் ஒரு நெளிவைக் கொடுத்தால் சறுக்கிக்கொண்டு வராது, படியில் குதித்துக் குதித்து வரும். இன்னொரு தொல்லை: சுருதி எண் இரண்டு துண்டாக எழுதப்படுகிறது, மேல் துண்டு மாறும்போது அலை தொடக்கத்துக்குப் போய் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த எல்லைகளில் ஒன்று 436 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அதாவது 440ல் நிற்கும் சுரத்தை லேசாக அசைத்தாலே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். சிப்பின் இன்னொரு வசதியைக் குறுக்கு வழியில் பயன்படுத்தி இதைத் தவிர்க்கலாம், ஃபேமிஸ்டூடியோவில் அதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. ஆனாலும் தோடியையோ சஹானாவையோ இதில் கமகத்தோடு எழுத நினைப்பவர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கமகம் குறைந்த மெட்டு, துள்ளல் தாளம், குத்து பீட் என்றால் 2ஏ03 அடித்துத் தூள் கிளப்பும்.

கமகம்தான் வேண்டும் என்றால் பார்வையை 1982க்குத் திருப்புங்கள். அந்த ஆண்டு வந்த கொமடோர் 64 கம்ப்யூட்டருக்குள் இருந்தது சிட் எனப்படும் 6581 சிப். அதை வடிவமைத்த பாப் யான்னஸ் பின்னாளில் என்சோனிக் என்ற சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கேம் பெட்டிக்கு ஒலி போடுகிறோம் என்றில்லாமல், சிந்தசைசர் ஒன்றைச் சிப்பில் அடக்குகிறோம் என்றே அவர் செய்தார். அது தெரிகிறது. மூன்றே குரல்தான், ஆனால் ஒவ்வொரு குரலும் முக்கோணம், ரம்பப் பல், பல்ஸ், நாய்ஸ் எதை வேண்டுமானாலும் எடுக்கும். பல்ஸின் அகலம் நான்கு நிலைகளில் நின்றுவிடாது, 4096 படிகளில் நகரும். இவற்றுக்கெல்லாம் மேலே, ஒலியை வடிகட்டிக் குணம் மாற்றும் உண்மையான அனலாக் ஃபில்டர் ஒன்று. சுருதிப் படியோ எந்த ஸ்தாயியிலும் ஏறத்தாழ 0.06 ஹெர்ட்ஸ். இழைத்து இழைத்து எழுதலாம், வீணையின் இழுப்பைப் போல ஒன்றை ஓரளவு நம்பும்படி கொண்டுவந்துவிடலாம்.

மூன்று குரலில் முழு வாத்தியக் குழுவை ஒலிக்க வைத்த வித்தை ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்களுடையது. ஹப்பர்ட் அப்போது இசையை எழுதியது மெஷின் கோடில், எண்களாகத்தான். ஒரே குரலில் முதல் நொடித்துணுக்கில் நாய்ஸ், அடுத்ததில் சரிந்து விழும் பல்ஸ், உடனே பேஸ் சுரம் என்று மாற்றினால் ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்து வாசிப்பதாகக் காது நம்பிவிடும். ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்’ என்ற இலவசத் தொகுப்பில் இப்படி 50,000க்கும் மேற்பட்ட சிட் இசைகள் இருக்கின்றன. கேட்டு முடிக்க ஆயுள் போதாது.

அப்புறம் ஏன் இதை முதலில் பரிந்துரைக்கவில்லை? பெட்டியை வாங்குவதுதான் தலைவலி. கொமடோர் நிறுவனம் 1994ல் திவாலானது, சிட் சிப் இப்போது யாரும் தயாரிப்பதில்லை. சந்தையில் போலிகள் நிறைய. அசலே கிடைத்தாலும் 6581ன் ஃபில்டர் ஒரு சிப்பில் இருப்பது போல இன்னொன்றில் இருக்காது. உங்கள் சிப்பில் இருண்டு கனமாக ஒலிக்கும் பேஸ் நண்பரின் சிப்பில் மூச்சுத் திணறும். பிற்பாடு வந்த 8580ல் அது இன்னும் வேறு மாதிரி. கம்ப்யூட்டரோடு வரும் பழைய பவர் சப்ளையை நம்பவே கூடாது. அது கெடும்போது மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டு உள்ளிருக்கும் மெமரிச் சிப்களையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆகவே சிட் வேண்டுமென்றால் அதையும் மென்பொருளில் செய்யுங்கள். கோட்ட்ராக்கர் இலவசம், உள்ளே ஓடும் எமுலேஷன் (சிப்பைப் போலவே ஒலிக்கும் நிரல்) தேர்ந்தது. கற்பதற்குத்தான் பொறுமை வேண்டும். சுர உறையை, அதாவது சுரம் எழுந்து தணியும் வடிவத்தை, சிப் கையாளும் விதத்தில் ஒரு பழைய பிழை உண்டு. அதனால் சில சுரங்கள் தாமதமாக ஒலிக்கும், சில ஒலிக்காமலே போகும். அதைச் சமாளிக்க அடுத்த சுரத்துக்குச் சற்று முன்பே குரலை அணைத்துத் தயார் செய்யும் உத்தி ஒன்று இருக்கிறது. முதல் வாரத்திலேயே இதையெல்லாம் தலையில் ஏற்றினால் பாட்டு எழுதும் ஆசையே போய்விடும்.

சரி, கேம்பாய்.

1989ல் வந்தது. நான்கு சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு நாய்ஸ், அதோடு ஒரு அலைச் சேனல். இந்தக் கடைசிச் சேனலில் அலையின் வடிவத்தை 32 புள்ளிகளில் நீங்களே வரையலாம். 2ஏ03க்கு இல்லாத இன்னொன்று, ஸ்டீரியோ. ஹெட்போன் செருகினால் ஒவ்வொரு சேனலையும் இடது, வலது, இரண்டும் என்று பிரிக்கலாம். சுருதிப் படிகளின் அகலம் கிட்டத்தட்ட ஃபேமிகாமின் அளவுதான், மேல் ஸ்தாயியில் அதே சங்கடம்.

சிப்பை மட்டும் எடைபோட்டால் இது முதலிடத்துக்கு வராது. இதன் பெருமையெல்லாம் எல்எஸ்டிஜே என்ற மென்பொருளில் இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி எழுதியது. கார்ட்ரிட்ஜில் ஏற்றிக்கொண்டால் கேம்பாயே ட்ராக்கராகிவிடும். 16 அடி கொண்ட ஒரு துண்டு, துண்டுகளைக் கோர்த்த சங்கிலி, சங்கிலிகளை நான்கு சேனலில் அடுக்கிய பாட்டு. ஏ பட்டனை அழுத்திக்கொண்டே அம்புக்குறியைத் தட்டினால் சுரம் மாறும், செலக்டோடு தட்டினால் அடுத்த திரை. எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும், 9க்கு அப்புறம் எழுத்துகள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். கை பழகிய பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டே பாட்டு எழுதலாம். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு வேண்டுமென்றால் 14ஆம் அடியோடு துண்டை முறித்து அடுத்ததற்குத் தாவச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது, 16க்குள் சிறைப்பட வேண்டியதில்லை.

மேடையில் இதற்கு நிகர் எதுவுமில்லை. எல்எஸ்டிஜேயின் நேரடி முறையில் நான்கு சேனலையும் தனித்தனியாகத் தொடங்கவும் நிறுத்தவும் முடியும். இரண்டு கேம்பாயைக் கேபிளால் இணைத்தால் ஒரே தாளத்தில் ஓடும். ஒன்று முடியும்போது மற்றொன்றை மிக்சரில் ஏற்றலாம். வட அயர்லாந்தின் சிப்செல் இந்தப் பெட்டியில் வாசித்துத்தான் பெயர் வாங்கினார், 2012ல் வந்த சூப்பர் ஹெக்ஸகன் கேமில் ஓடுவது அவர் இசை. லேப்டாப் முன் நிற்பவர் ஈமெயில் பார்க்கிறாரா, இசை செய்கிறாரா என்று கூட்டத்துக்குத் தெரியாது. கேம்பாய்க்காரர் விஷயத்தில் அந்தச் சந்தேகமே எழாது.

நியூயார்க்கின் அனமனகுச்சி வேறு பாதையில் போனார்கள். என்இஎஸ் ஒலிக்கு மேல் கிட்டாரும் பேஸும் ட்ரம்ஸும் நேரடியாக வாசிப்பது. பேண்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி நன்றாகப் பொருந்தும். சிப் பகுதியை முன்கூட்டியே எழுதிவிடலாம், மேடையின் துடிப்பை மனிதர்கள் தருவார்கள்.

செகாவின் கேம் பெட்டியான மெகா டிரைவ் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 1988ல் வந்தது, யமஹாவின் ஒய்எம்2612 சிப், ஆறு எஃப்எம் சேனல். எஃப்எம் என்பது இங்கே ரேடியோ அல்ல, ஒரு அலையால் இன்னொன்றை அசைத்து ஒலி உண்டாக்கும் முறை. 80களின் திரையிசையில் கேட்ட மணியோசை கீபோர்டுகளும் யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டும் இந்த எஃப்எம் குடும்பம்தான். அற்புதமான ஒலி, ஆனால் பழக வேண்டியது வேறு கலை. ஒரு சேனலுக்கு நான்கு ஆபரேட்டர் (அலை உண்டாக்கும் அலகு), எட்டு விதமான இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை. ஒரு நல்ல பேஸ் ஒலியை உருவாக்கவே மாலை முழுக்கப் போகும். எஃப்எம் பிடித்தவர் ஃபர்னேஸ் ட்ராக்கரை எடுக்கட்டும். இலவசம், திறந்த மூலம், ஏகப்பட்ட சிப்களை ஒரே இடத்தில் தரும், பாட்டுக்குள் சிப்களைக் கலக்கவும் விடும்.

கடைசியாக எந்தச் சிப்பும் இல்லாத வழி. வழக்கமான மியூசிக் மென்பொருளில் ஒரு பிளகின் (அதற்குள் சேர்க்கும் துணை நிரல்) போட்டு சதுர அலையை வாசிப்பது. ஜப்பானின் ஒய்எம்சிகே குழு வெளியிட்ட மேஜிக்கல் 8பிட் பிளக் இலவசமாகவே கிடைக்கிறது. சிப்டியூன் வட்டாரத்தில் சிலர் இதை ‘ஃபேக்பிட்’ (போலி 8 பிட்) என்று சொல்லி முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. 2012ல் வந்த ஃபெஸ் கேமுக்கு டிஸாஸ்டர்பீஸ் தந்த இசை மென்பொருள் சிந்தசைசர்களில் பிறந்தது, அதில் 8 பிட் மணமும் இருக்கிறது, எந்தப் பழைய பெட்டியாலும் தர முடியாத பெரிய வெளியும் இருக்கிறது. திரைப்பாட்டின் நடுவே எட்டு தாளச் சுற்றுக்கு ஒரு கேம் ஒலி வேண்டும், குறும்படத்துக்குப் பின்னணி வேண்டும் என்றால் பிளகினே போதும், ட்ராக்கர் கற்பது வீண் வேலை.

என் ஆட்சேபம் கற்கிறவர்களை நினைத்துத்தான். பிளகினில் சேனல் தீராது. மெட்டு மெலிந்து ஒலிக்கிறதா, இன்னொரு தடம் சேர், அப்புறம் கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலிப்பு) போடு என்று கை தானாகப் போகும். பன்னிரண்டு சதுர அலை ஒரே நேரத்தில் கத்தினால் அது சிப்டியூனாக இருக்காது, காதுவலியாகத்தான் இருக்கும். பிளகினிலேயே செய்வதென்றால் உங்களுக்கு நீங்களே சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: நான்கு தடம், ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம், ரிவெர்ப் கிடையாது. அந்தச் சட்டத்தோடு ஒரு பாட்டை முடித்துவிட்டால், அப்புறம் எதை மீறுவது என்பது உங்களுக்கே தெரியும்.

கேம்பாய்தான் வாங்குவேன் என்று இதற்கு அப்புறமும் பிடிவாதமாக இருப்பவர்கள் முதலில் எல்எஸ்டிஜேயை எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். சேம்பாய் போன்றவை ஒலியை நன்றாகவே தருகின்றன. அதில் ஒரு பாட்டை முழுதாக முடித்தால் வாங்கலாம். பேஸ் கனமாக வேண்டும் என்பவர்கள் 1989ன் முதல் மாடலையே தேடுவார்கள். 1998ல் வந்த கேம்பாய் கலரில் பிராசசர் வேகம் இரட்டிப்பு, எல்எஸ்டிஜே அதில் இன்னும் சுறுசுறுப்பாக ஓடும். வாங்கும்போது பேட்டரி அறையைத் திறந்து பச்சையாகக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் செருகி ஒலியளவுச் சக்கரத்தை மெல்லச் சுழற்றுங்கள், கரகரவென்றால் சுத்தம் செய்யும் வேலை காத்திருக்கிறது. திரையில் ஓரிரு கோடு விடுபட்டிருந்தால் பேரம் பேசலாம், அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. பழசோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்களுக்கு 2021ல் வந்த அனலாக் பாக்கெட் என்ற புதிய கையடக்க கேம் கருவி இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் கேம்பாய் கார்ட்ரிட்ஜ்களை எடுத்துக்கொள்ளும், நானோலூப் என்ற இன்னொரு நல்ல இசை மென்பொருளும் உள்ளேயே வருகிறது.

எதை வாங்கினாலும் கார்ட்ரிட்ஜில் இருக்கும் சேவ் கோப்பை வாரம் ஒரு முறை கம்ப்யூட்டருக்கு எடுத்து வையுங்கள். பல கார்ட்ரிட்ஜ்களில் பாட்டைத் தாங்கி நிற்பது ஒரு சின்ன பட்டன் பேட்டரி. அது முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத் தீராது.